தாய்ப்பலகையின் உள்ளமை துறைகள்: செருகுவாயிலிருந்து சில்லுக்கு – ஒரு வரலாற்று மதிப்பீடு (1981–2017)

ஆய்வுச் சுருக்கம்

மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் இயல்பாகவே அமைந்து வரும் இணைப்புத் துறைகளையும் வசதிகளையும் மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றின் எண்ணிக்கையையே கணக்கில் கொள்கின்றனர். 1981 முதல் 2017 வரையிலான மேசைக் கணினியின் வரலாற்றை நோக்கும்போது, எண்ணிக்கை போதிய அளவுகோல் ஆகாது என்பது புலனாகிறது. ஒரு பணி தனி அட்டையிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து சில்லுக்கும் இடம்பெயரும்போது விலை குறைகிறது, பயன்பாடு எளிதாகிறது. அதே வேளையில் தெரிவு செய்யும் உரிமையும் பழுது நீக்கும் வாய்ப்பும் பயனரை விட்டு விலகுகின்றன. இவ்விடப்பெயர்வின் படிநிலைகளை ஆராய்ந்து, உள்ளமை துறைகளை மதிப்பிடுவதற்குரிய மூன்று அளவைகளை இக்கட்டுரை முன்வைக்கிறது. தமிழ் எழுத்தைக் கணினித் திரைக்குக் கொணர்ந்த ஜிஸ்ட் அட்டையின் வரலாறு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாய்ப்பலகை, இணைப்புத் துறை, செருகுவாய், சில்லுத்தொகுதி, ஒருங்கிணைப்பு, ஜிஸ்ட் அட்டை, எண்ணிம ஆவணக்காப்பு.

முன்னுரை

கணினியின் வரலாற்றை எழுதுவோர் செயலியின் வேகத்தையும் மென்பொருளின் வளர்ச்சியையும் மையமாகக் கொள்வது வழக்கம். செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய அனைத்தையும் ஒன்றிணைக்கும் தாய்ப்பலகை அவ்வரலாற்றில் பின்புலமாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் ஒரு கணினி எவற்றோடு உறவு கொள்ள இயலும், எவற்றோடு இயலாது என்பதைப் பெரிதும் வரையறுப்பது தாய்ப்பலகையே. பல்கலைக்கழக ஆய்வகத்திற்கோ சுவடி எண்ணிமமாக்கும் பணிக்கோ கணினி வாங்கும்போது, பலகையில் எத்தனை துறைகள் உள்ளன என்னும் வினாவே முதலில் எழுகிறது. அவ்வினா மட்டும் போதுமா என்பதே இக்கட்டுரையின் சிக்கல்.

கணினியோடு புறக்கருவியை இணைக்கும் வாயிலைத் தமிழ்க் கலைச்சொல் அகராதிகள் ‘துறை’ எனக் குறிக்கின்றன. கலம் வந்து அடையும் நீர்த்துறையை நினைவூட்டும் இச்சொல் பொருத்தமானதே. கூடுதல் அட்டையைப் பொருத்தும் இடம் ‘செருகுவாய்’ எனவும், தரவு செல்லும் பொதுவழி ‘பாட்டை’ எனவும், பலகையின் பணிகளை ஒருங்கே நடத்தும் சில்லுகள் ‘சில்லுத்தொகுதி’ எனவும், வாங்கும்போதே பலகையில் அமைந்திருக்கும் வசதி ‘உள்ளமை வசதி’ எனவும் இங்கு வழங்கப்படுகின்றன. ஐபிஎம் தனிநபர் கணினியையும் அதன் வழிவந்த மேசைக் கணினிகளையும் இவ்வாய்வு முதன்மையாக எல்லையாகக் கொள்கிறது.

வெறும் பலகையின் காலம்

1981 ஆகஸ்டு 12 அன்று ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 5150 என்னும் தனிநபர் கணினியின் தாய்ப்பலகையில் புற உலகோடு தொடர்பு கொள்ளும் உள்ளமை துறைகள் இரண்டே. ஒன்று விசைப்பலகைக்குரியது, மற்றொன்று ஒலிநாடாக் கருவியில் தரவைச் சேமிப்பதற்குரியது. திரை, அச்சுப்பொறி, நெகிழ்வட்டு, தொலைத்தொடர்பு ஆகிய எல்லாவற்றிற்கும் தனித்தனி அட்டைகள் தேவைப்பட்டன. அவ்வட்டைகளுக்காகப் பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. திரைக்கு ஒன்று, நெகிழ்வட்டுக்கு ஒன்று, கூடுதல் நினைவகத்திற்கு ஒன்று, தொடர்நிலைத் துறைக்கு ஒன்று எனப் பொருத்தினால் எஞ்சுவது ஒன்றே. 1983-இல் வந்த எக்ஸ்டி கணினி செருகுவாய்களை எட்டாக உயர்த்தி, ஒலிநாடாத் துறையை நீக்கியது. ஒரு துறை பலகையிலிருந்து மறைவதும் இவ்வாறு தொடக்கத்திலேயே நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

இவ்வமைப்பில் உள்ளமை வசதி குறைவு, தெரிவு மிகுதி. செருகுவாயின் மின்னியல் விவரங்களை ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் வெளியிட்டமையால் பிற நிறுவனங்கள் அட்டைகளை உருவாக்க முடிந்தது. ஏஎஸ்டி நிறுவனத்தின் சிக்ஸ்பேக் பிளஸ் என்னும் அட்டை நினைவகம், கடிகாரம், தொடர்நிலைத் துறை, இணைநிலைத் துறை ஆகியவற்றை ஒரே செருகுவாயில் தந்தது. பலகையின் குறையை அட்டை ஈடுசெய்தது. எந்தெந்தப் பணிகள் பலகைக்கே வரவேண்டியவை என்பதையும் அத்தகைய அட்டைகளே முன்கூட்டிக் காட்டின எனலாம்.

இக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்வதும் பொருந்தாது. ஒவ்வோர் அட்டைக்கும் குறுக்கீட்டு எண்ணையும் முகவரியையும் சிறு இணைப்பான்களை மாற்றி வைத்துப் பயனரே அமைக்க வேண்டியிருந்தது. இரண்டு அட்டைகள் ஒரே எண்ணைக் கொண்டால் இரண்டும் முறையாக இயங்கா. தெரிவு செய்யும் உரிமையோடு அதற்குரிய உழைப்பும் பயனர்மீதே சுமத்தப்பட்டிருந்தது.

ஒருங்கிணைப்பின் முதற்படி

1984-இல் வெளிவந்த ஏடி கணினி, மின்கலத்தால் இயங்கும் கடிகாரத்தைத் தாய்ப்பலகையிலேயே அமைத்தது. அதற்கு முன்னர்க் கடிகார அட்டை இல்லாத கணினியில் ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் பயனரே தட்டச்சிட வேண்டும். இன்று எவரும் வசதியாகக் கருதாத ஒன்று அன்று தனி அட்டைக்குரிய பணியாக இருந்தது. உள்ளமை வசதி நாளடைவில் கண்ணுக்குப் புலப்படாததாகிவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

1980-களின் நடுப்பகுதியில் சிப்ஸ் அண்டு டெக்னாலஜீஸ் முதலிய நிறுவனங்கள் ஏடி பலகையின் பல தனிச் சில்லுகளைச் சில பெரிய சில்லுகளாகத் தொகுத்தன. சில்லுத்தொகுதி என்னும் கருத்து இவ்வாறு வணிக வடிவம் பெற்றது. பலகையின் பரப்பும் விலையும் குறைந்தன. ஐபிஎம் அல்லாத நிறுவனங்களும் பலகைகளைத் தயாரிப்பது எளிதாயிற்று.

1987-இல் ஐபிஎம் வெளியிட்ட பிஎஸ்/2 வரிசை இதில் ஒரு திருப்பம். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஆறு ஊசிச் சிறுதுறைகள், தொடர்நிலைத் துறை, இணைநிலைத் துறை ஆகியவை பலகையிலேயே அமைந்தன. அவ்வரிசையின் உயர்நிலைக் கணினிகளில் விஜிஏ என்னும் பதினைந்து ஊசித் திரைத்துறையும் பலகையிலேயே இடம்பெற்றது. அதே வரிசையின் பல கணினிகளில் மைக்ரோசேனல் என்னும் புதிய பாட்டையையும் ஐபிஎம் புகுத்தியது. அதற்கு உரிமத்தொகை செலுத்த வேண்டியிருந்ததால் போட்டி நிறுவனங்கள் அதனைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. 1988-இல் ஒன்பது நிறுவனங்கள் கூடி ஈஐஎஸ்ஏ என்னும் மாற்றுப் பாட்டையை அறிவித்தன. மைக்ரோசேனல் வழக்கொழிந்தது. ஆனால் விஜிஏ துறையும் ஆறு ஊசித் துறைகளும் போட்டி நிறுவனங்களின் பலகைகளில் பல்லாண்டுகள் நிலைத்தன. பாட்டை தோற்றது; துறைகள் வென்றன. ஒரு துறையின் ஆயுளை அதனை உருவாக்கிய நிறுவனத்தின் வலிமையைக் காட்டிலும், பிறர் அதனைத் தடையின்றி ஏற்கக்கூடிய நிலையே முடிவு செய்கிறது என்பதை இதனால் அறியமுடிகிறது.

பின்புறச் சாளரம்

1990-களின் முற்பகுதியில் பரவலாக விற்பனையான பலகைகளின் விளிம்பில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தது விசைப்பலகைத் துறை மட்டுமே. மற்றத் துறைகள் அட்டையில் இருந்தன. அல்லது பலகையிலிருந்து பட்டைக் கம்பிகள் வழியாகப் பெட்டியின் பின்புறத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. இக்கம்பிகளின் ஊசி வரிசை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டது.

1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை இந்நிலையை மாற்றியது. கணினிப் பெட்டியின் பின்புறத்தில் 158.75 மில்லிமீட்டர் நீளமும் 44.45 மில்லிமீட்டர் உயரமும் உடைய சாளரம் ஒன்றினை அது வரையறுத்தது. அதனுள் எந்தத் துறை எங்கு அமையவேண்டும் என்பது பலகை நிறுவனத்தின் விருப்பத்திற்கு விடப்பட்டது. பலகைக்கேற்ற உலோகத் தகடு சாளரத்தை மூடியது. அளவு பொதுவானதாகவும் உள்ளடக்கம் மாறக்கூடியதாகவும் இருந்தமையால் இச்சாளரம் இன்றுவரை மாறாது நிற்கிறது. ஒவ்வொரு தலைமுறைப் பலகையின் சாளரத்தையும் வரிசையாக வைத்து நோக்கினால், எத்துறை வந்தது, எத்துறை நீங்கியது என்பதைக் கல்வெட்டுப் போல் வாசிக்கலாம்.

1998-இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்ட பிசி 99 வழிகாட்டி துறைகளுக்கு நிறம் வகுத்தது. விசைப்பலகைக்கு ஊதா, சுட்டிக்குப் பச்சை, திரைக்கு நீலம், ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பு எனப் பின்னர்ப் பரவலான நிறங்கள் அதில் இடம்பெற்றவை. அவ்வழிகாட்டி 1981 முதல் வழிவழியாக வந்த ஐஎஸ்ஏ செருகுவாயைக் கைவிடவும் வலியுறுத்தியது. துறைகள் எளிமையடைந்த அதே ஆவணத்தில் பழைய செருகுவாயின் முடிவும் எழுதப்பட்டது.

1996-இல் முதல் வரையறை பெற்ற யுஎஸ்பி துறை, தொடக்கத்தில் பலகையில் இருந்தும் போதிய மென்பொருள் ஆதரவின்றிப் பெரும்பாலும் பயனற்றே இருந்தது. 1998-இல் விண்டோஸ் 98-உம், பழைய துறைகளை நீக்கி யுஎஸ்பியை ஏற்ற ஆப்பிளின் ஐமேக்கும் வந்த பின்னரே அது பரவலாயிற்று. துறை இருப்பதும் துறை பயன்படுவதும் வேறு என்பதை இது உணர்த்துகிறது.

ஒருங்கிணைப்பின் விலை

1997-இல் இன்டெல் வரையறுத்த ஏசி’97 ஒலியமைப்பு, தனி ஒலியட்டை செய்த பணியின் பெரும்பகுதியைச் செயலியிடமும் மென்பொருளிடமும் ஒப்படைத்து, பலகையில் ஒரு சிறு சில்லை மட்டுமே வைக்க வழிசெய்தது. குறைந்த செலவில் ஏறத்தாழ எல்லாக் கணினிகளுக்கும் ஒலி கிடைத்தது.

1999-இல் வந்த இன்டெல் 810 சில்லுத்தொகுதி, திரைப்பணியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. முதன்மை நினைவகத்தின் ஒரு பகுதியை அதற்கெனப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் அக்காலத்துத் திரையட்டைகளுக்குரிய ஏஜிபி செருகுவாயை அது ஆதரிக்கவில்லை. உள்ளமை வசதி போதாதெனக் கருதிய பயனர் வேகம் குறைந்த பிசிஐ செருகுவாயையே நாட வேண்டியிருந்தது. மறு ஆண்டில் வந்த 815 சில்லுத்தொகுதி, உள்ளமை திரைப்பணியோடு ஏஜிபி செருகுவாய்க்கும் இடமளித்தது. இவ்விரண்டையும் பட்டியலில் ‘உள்ளமை திரைவசதி உண்டு’ என்றே குறிக்கலாம். ஆனால் ஒன்று மாற்றுவழியை அடைத்தது. மற்றொன்று திறந்து வைத்தது. ஓராண்டு இடைவெளியில் ஒரே நிறுவனம் வெளியிட்ட இவ்விரு சில்லுத்தொகுதிகள், ஒருங்கிணைப்பு தன்னளவில் தெரிவை அழிப்பதில்லை, அதனோடு செருகுவாய் விடப்படுகிறதா என்பதே வேறுபாடு என்பதைத் தெளிவாக்குகின்றன.

ஒருங்கிணைப்பின் மற்றொரு விலை பழுதில் வெளிப்படுகிறது. 2011 சனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசைச் சில்லுத்தொகுதியில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்தது. அச்சில்லுத்தொகுதி நடத்தும் நொடிக்கு 3 கிகாபிட் வேகமுடைய சாட்டா வட்டுத்துறைகள் காலப்போக்கில் செயல்திறன் இழக்கக்கூடும் என்பதே அப்பிழை. 6 கிகாபிட் துறைகள் இரண்டும் பாதிக்கப்படவில்லை. பழுது நீக்கவும் மாற்றித்தரவும் ஏறத்தாழ 70 கோடி டாலர் செலவாகும் என நிறுவனம் மதிப்பிட்டது. 1981-ஆம் ஆண்டுக் கணினியில் வட்டுக்குரிய அட்டை பழுதுற்றிருந்தால் அட்டையை மட்டும் மாற்றினால் போதும். 2011-இல் நான்கு துறைகளின் பிழைக்கு முழுப் பலகையையும் மாற்ற நேர்ந்தது. ஏனெனில் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது.

துறையும் பாட்டையும்

துறையின் மதிப்பு அதன் பின்னால் செல்லும் பாட்டையைச் சார்ந்தது. 2000-களின் தொடக்கத்தில் கிகாபிட் வலைத்துறை பலகைகளில் இடம்பெறலாயிற்று. ஒரு திசையில் நொடிக்கு 125 மெகாபைட் தரவைக் கடத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் பல பலகைகளில் அது இணைக்கப்பட்ட பிசிஐ பாட்டையின் மொத்தக் கொள்ளளவே 133 மெகாபைட்; அதனையும் பிற கருவிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 2003-இல் இன்டெல் 875 சில்லுத்தொகுதியில் வலைத்துறைக்கென 266 மெகாபைட் கொள்ளளவுடைய தனிவழி அமைக்கப்பட்டது இதனாலேயே. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரு பலகைகளின் வலைத்துறையும் ஒரே வடிவம், ஒரே பெயர்.

பின்வந்த காலத்தில் இச்சிக்கல் மறையவில்லை. வேறு வடிவம் கொண்டது. 2015-இல் வந்த இன்டெல் 100 வரிசையின் உயர்நிலைப் பலகைகளில் வட்டுத்துறைகள், யுஎஸ்பி துறைகள், வலைத்துறை ஆகியவை பெரும்பாலும் சில்லுத்தொகுதியிலேயே குவிந்தன. சில்லுத்தொகுதிக்கும் செயலிக்கும் இடையிலான இணைப்பின் கொள்ளளவு ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 3.9 கிகாபைட். வேகம் மிக்க எம்.2 வட்டு ஒன்றே அதனை நிரப்பிவிடக்கூடும். மேலும் பல பலகைகளில் எம்.2 செருகுவாயில் வட்டைப் பொருத்தினால் ஒன்றிரண்டு சாட்டா துறைகள் செயலிழக்கும். ஆறு துறைகள் எனப் பட்டியல் கூறினாலும் ஆறும் ஒருங்கே கிடைப்பதில்லை.

துறையின் பெயரும் வடிவமும்கூட உறுதியான சான்றுகள் அல்ல. 2008-இல் யுஎஸ்பி 3.0 எனப் பெயர்பெற்ற நொடிக்கு 5 கிகாபிட் வேகம், 2013-இல் 3.1 வரையறையின் முதல் தலைமுறை எனவும், 2017-இல் 3.2 வரையறையின் முதல் தலைமுறை எனவும் பெயர் மாறியது, வேகம் மாறவில்லை. அதே 2017-இல் வெளிவந்த ஏஎம்டியின் முதல் ரைசன் செயலிகளில் திரைப்பணிப் பகுதி இல்லை. ஆனால் அவற்றைப் பொருத்தும் பலகைகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துறை இருந்தது. அச்செயலியோடு அத்துறையில் திரையை இணைத்தால் காட்சி தோன்றாது. பணி பலகையிலிருந்து செயலிக்குப் பெயர்ந்துவிட்ட பிறகு, துறை பலகையில் எஞ்சிய வாயில் மட்டுமே.

செருகுவாயில் வந்த தமிழ்

மேற்கண்ட இடப்பெயர்வு தமிழுக்குப் புறம்பான வரலாறு அன்று. 1980-களில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, பின்னர்ப் புணேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் தனிநபர் கணினியில் உள்ளிடவும் திரையில் காட்டவும் ஓர் அட்டையை வழங்கியது. ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலும் இந்திய எழுத்துகளைக் கையாள அது வழிசெய்தது. தமிழ் அன்று அக்கணினிக்குள் நுழைந்த வழிகளுள் ஒன்று தாய்ப்பலகையின் செருகுவாய். வெற்றுச் செருகுவாயை விட்டுவைத்த வடிவமைப்பே, வடிவமைப்பாளர் எண்ணியிராத மொழிக்கும் இடமளித்தது.

1991-இல் இஸ்கி என்னும் குறியேற்றம் இந்தியத் தர ஆவணமாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பில் தமிழும் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 இயக்கமுறை தமிழை நேரடியாக ஆதரித்தபோது அட்டையின் தேவை நீங்கியது. ஐஎஸ்ஏ செருகுவாயும் அக்காலத்திலேயே பலகைகளை விட்டு மறைந்துகொண்டிருந்தது. தமிழைப் பொறுத்தவரை இவ்விடப்பெயர்வு பெரும் நன்மையே. எந்தக் கணினியிலும் தமிழ் கிடைக்கலாயிற்று. ஆயினும் இடைக்காலத்தில் உருவான தரவுகளின் நிலை வேறு.

1990-களில் அச்சுத்தொழிலில் வழங்கிய இந்திய மொழி மென்பொருள்கள் பல, இணைநிலைத் துறையில் செருகும் வன்பூட்டோடு விற்கப்பட்டன. பூட்டின்றி மென்பொருள் திறவாது. அக்கால மென்பொருள் பதினறும எண்ணில் 378 முதலிய முகவரிகளில் துறையை நேரடியாக அணுகும். யுஎஸ்பி வழியாக இணைநிலைத் துறையைத் தரும் மாற்றிகள் பொதுவாக அச்சுப்பொறிக்கென அமைந்தவை. அம்முகவரியை அவை தருவதில்லை. அதுபோலவே, கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி நெகிழ்வட்டு இயக்ககங்கள் 3.5 அங்குல வட்டுகளுக்குரியவை. 5.25 அங்குல வட்டை வாசிக்க, 34 ஊசி இணைப்புடைய பழைய பலகையோ அதற்கென உருவாக்கப்பட்ட தனிக்கருவியோ தேவை. ஒரு நூலின் அச்சுக்கோப்பு வட்டில் அழியாமல் இருந்தும், அதனைத் திறக்கும் துறை பலகையில் இல்லாமையால் அந்நூல் எண்ணிம வடிவில் மீளாது போகலாம். ஆகவே பழைய பலகையைக் கழிவெனத் தள்ளும் முன்னர், அதன் துறைகளைச் சார்ந்துள்ள தரவுகள் எவை என வினவுவது ஆவணக்காப்பின் கடமையாகிறது.

மதிப்பீட்டு அளவைகள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று அளவைகளைப் பெறலாம். முதலாவது பின்புலம். ஒரு துறையை நடத்துவது செயலியா, சில்லுத்தொகுதியா, தனிச்சில்லா என்பதும், அதன் பாட்டையைப் பகிர்ந்துகொள்பவை எவை என்பதும் அறியப்பட வேண்டும். பலகையின் கையேட்டில் உள்ள கட்டப்படமும், எத்துறை எதனோடு பகிரப்படுகிறது என்னும் அடிக்குறிப்புகளும் இதற்கு முதன்மைச் சான்றுகள். விற்பனைப் பட்டியல் அன்று.

இரண்டாவது மாற்றிடம். உள்ளமை வசதி பழுதுற்றாலோ போதாமற் போனாலோ அதனை முடக்கிவிட்டு வேறோர் அட்டையைப் பொருத்தச் செருகுவாய் உள்ளதா என்பது இவ்வளவை. 810, 815 சில்லுத்தொகுதிகளின் வேறுபாடும் 2011-ஆம் ஆண்டுப் பிழையும் இதன் இன்றியமையாமையை உணர்த்துகின்றன. துறைகள் மிகுந்தும் செருகுவாய் அற்ற பலகையைக் காட்டிலும், துறைகள் குறைந்தும் செருகுவாய் உடைய பலகை நீண்டநாள் பயன்படக்கூடும்.

மூன்றாவது ஆயுள். துறை பொதுவரையறையைச் சார்ந்ததா, ஒரு நிறுவனத்தின் உரிமத்தைச் சார்ந்ததா என்பதும், நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள வருடி, அச்சுப்பொறி, அளவைக் கருவி, வட்டு ஆகியவை எத்துறையை நம்பியுள்ளன என்பதும் இதில் அடங்கும். மைக்ரோசேனலின் மறைவும் விஜிஏயின் நிலைபேறும் இதற்குச் சான்று.

முடிவுரை

1981-ஆம் ஆண்டுத் தாய்ப்பலகை தன்னளவில் சிறிதே செய்தது. பிறர் செய்வதற்குப் பேரிடம் விட்டது. பின்வந்த பலகைகள் மிகுதியாகச் செய்தன. பிறர்க்கு விட்ட இடம் படிப்படியாகக் குறைந்தது. இம்மாற்றத்தால் கணினி மலிவானது, அமைப்பது எளிதானது, கணினித் திறன் பெரும்பாலோர்க்கு எட்டியது என்பதை மறுக்கவியலாது. ஆனால் எது உள்ளமையும், எது நீங்கும் என்னும் முடிவு பயனரிடமிருந்து பலகை நிறுவனத்திற்கும், அங்கிருந்து சில்லு நிறுவனத்திற்கும் பெயர்ந்துள்ளது. பயனரிடம் எஞ்சியிருப்பது வாங்கும் வேளையில் செய்யும் மதிப்பீடு ஒன்றே. அம்மதிப்பீடு துறைகளை எண்ணுவதோடு நின்றுவிடுமாயின் எஞ்சிய அவ்வுரிமையும் பொருளற்றதாகும்.

பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் கணினி வாங்குவதற்கான விவரக்குறிப்பில் துறைகளின் எண்ணிக்கையோடு பின்புலம், மாற்றிடம், ஆயுள் ஆகிய மூன்றனையும் சேர்த்தல் வேண்டும். பழைய துறைகளோடு இயங்கும் நிலையிலுள்ள கணினி ஒன்றையேனும் ஒவ்வோர் ஆவணக்காப்பு மையமும் பேணுதல் நன்று. 1990-களின் தமிழ் அச்சுக்கோப்புகள் எத்தகைய வட்டுகளில், எவ்வகைப் பூட்டுகளுக்குப் பின்னால் உள்ளன என்பதனைப் பதிப்பகந்தோறும் கணக்கெடுப்பது இவ்வாய்வின் தொடர்ச்சியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.